எது எங்கே பிறந்தது?

கேள்வி: என் மகன் 'ஷார்ட் கோர்ஸ் டிரக்' என்று ஒரு ரிமோட் பந்தய வண்டியை உதிரி பாகங்களாக வாங்கி, வீட்டுத் திண்ணையில் பரப்பி வைத்துப் பூட்டிக்கொண்டிருக்கிறான். இதை முதலில் செய்தவர்கள் ஜப்பான்காரர்கள் என்கிறான். நிஜமா?
– ஒரு வாசகி, ஆமத்தூர்

பதில்: இல்லை அம்மா. ஜப்பானின் டமியா கம்பெனி தன் முதல் ரேடியோ காரை, போர்ஷே 934-ஐ, விற்பனைக்கு விட்டது 1976-ல். அதற்குப் பத்து வருஷம் முன்பே இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா என்ற ஊர்க்காரர்கள் ஃபெராரி 250 எல்.எம். காரைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி ரேடியோவில் ஓடவிட்டு விற்றிருக்கிறார்கள்.

உங்கள் மகன் பூட்டும் ரகம் இன்னும் இளையது. 2008-ல் டெக்சாஸின் டிராக்சஸ் கம்பெனி 'ஸ்லாஷ்' என்று பத்தில் ஒரு பங்கு அளவில், ஏறக்குறைய 57 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு டிரக்கை இறக்கியது. மற்ற கம்பெனிகள் பின்னாலேயே ஓடிவந்தன. அதற்கு மூலம், அமெரிக்காவில் மண் பாதையில் ஓடும் நிஜ டிரக் பந்தயம். 1967-ல் தொடங்கிய பாஹா பந்தயத்தில் வண்டிகள் மெக்சிகோ பாலைவனத்துக்குள் போய்விட்டால் பார்க்க வந்தவனுக்குப் புழுதிதான் மிச்சம். 1979-ல் மிக்கி தாம்சன் என்ற பந்தயக்காரர், லாஸ் ஏஞ்சலிஸில் 1932 ஒலிம்பிக் நடந்த மைதானத்துக்குள்ளேயே மண்ணைக் கொட்டி, மேடு பள்ளம் போட்டு, வண்டிகளைச் சுற்றவிட்டார். டிக்கெட் வாங்கியவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே முழுப் பந்தயத்தையும் பார்த்தார்.

இதெல்லாம் மேல்கூட்டின் கதை. தொடாமல், கம்பி இல்லாமல், தூரத்திலிருந்து ஒரு பொருளை ஏவுவதுதான் இந்த வண்டியின் உயிர். ரிமோட் என்றாலே டெஸ்லா என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டெஸ்லா நியூயார்க்கில் தண்ணீர்த் தொட்டிக்குள் படகு விட்டது 1898-ல். அதற்கு முன்பே, 1895 வாக்கில், கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ் கம்பியில்லா அலையை அனுப்பி, தூரத்தில் ஒரு மணியை அடிக்க வைத்தார். கூடவே இன்னொன்றும் செய்தார்: வெடிமருந்தைப் பற்றவைத்தார். தூர ஏவலின் ஆரம்பப் பாடமே மருந்து கொளுத்தியது என்பதைப் பட்டாசுப் பூமிக்காரர்களுக்கு நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

அலை வந்து சேர்ந்ததை அன்றைக்கு எப்படிக் கண்டுபிடித்தார்கள்? உலோகப் பொடியால். 1890-ல் பாரிஸில் எதுவார் பிரான்லி, கண்ணாடிக் குழலுக்குள் அரத்தூளைத் தளர்வாகப் போட்டுப் பார்த்தார். சாதாரணமாக அதில் மின்சாரம் பாயாது. பக்கத்தில் மின்பொறி தெறித்ததும் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடுகிறது. ஒட்டியது ஒட்டியதுதான், குழலைத் தட்டினால்தான் மறுபடி உதிரும். ஒவ்வொரு சேதி வந்ததும் தட்டிவிட ஒரு குட்டிச் சுத்தியலையே வைத்தார்கள். டெஸ்லா தன் படகில் சுத்தியலுக்குப் பதில், பொடி இருந்த குழலைச் சேதிக்குச் சேதி தலைகீழாகப் புரட்டினார். போஸின் வழி வேறு. பொடிக்குப் பதில் சின்னஞ்சிறு சுருள் கம்பிகளை நெருக்கி அடுக்கினார். வங்காளத்தின் ஈர வெக்கையில் இரும்பு சீக்கிரம் துருவேறித் தொல்லை கொடுக்கிறது என்று 1899-ல் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில் முறையிட்டிருக்கிறார்.

அந்த ஈரம் சிவகாசியில் இல்லை. மருந்து காய்வதற்கு ஏற்ற வறட்சி இருந்ததால்தான் பட்டாசுத் தொழிலே அங்கே வேர்விட்டது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ள 1922-ல் ரயிலேறிப் போனதும் அதே கல்கத்தாவுக்குத்தான். போஸ் தன் ஆராய்ச்சி நிலையத்தை அங்கே நிறுவி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஒரே ஊரில் ஒருபக்கம் அலை, இன்னொருபக்கம் தீக்குச்சி.

உங்கள் ஆமத்தூர்ப் பக்கம் 1984-லிருந்து நடக்கும் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரிக்குப் பெயர் கொடுத்தது திருமங்கலத்தின் மெட்டல் பவுடர் கம்பெனி. மத்தாப்பு வெள்ளையாகச் சொரிவதற்கு வேண்டிய அலுமினியப் பொடி தயாரிப்பவர்கள். ரிமோட் வண்டியின் முப்பாட்டன் உலோகப் பொடி என்று உங்கள் மகனிடம் சொல்லுங்கள், ஜப்பானை மறந்துவிடுவான்.

தரையில் ஓடிய முதல் ரேடியோ வண்டி எது என்று அவன் திருப்பிக் கேட்டால்: ஸ்பெயினின் டோரஸ் கெவேடோ 1904-ல் மாட்ரிட்டில் ஓட்டியது. மூன்று சக்கரம். ஆட்டோ ரிக்‌ஷாவுக்குப் பெருமைதான்!

கேள்வி: வண்டியைப் பூட்டி 'டியூன்' செய்வது எப்படி என்று வரிசையாகச் சொல்லுங்களேன்.
– அதே வாசகியின் மகன்

பதில்: வரிசை, பெட்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது தம்பி. அதில் இல்லாததைச் சொல்கிறேன்.

மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் பினியன். அது கடிக்கும் பெரிய பல்சக்கரம் ஸ்பர். ரொம்ப நெருக்கினால் மோட்டார் கொதிக்கும், தளர்த்தினால் பல் மழுங்கும். இடைவெளியை அளக்கக் கருவி வேண்டாம். சிவகாசியில் அச்சடித்த தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, நீளவாக்கில் ஒரு துண்டாக நறுக்கு. இரண்டு பல்லுக்கும் நடுவே அதை ஓடவிட்டு, மோட்டாரை அழுத்திப் பிடித்துத் திருகாணியை முறுக்கு. பிறகு சக்கரத்தைக் கையால் உருட்டித் தாளை வெளியே எடு. தாளில் வரிவரியாகப் பல் பதிந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. உலகம் முழுக்கப் பந்தயக்காரர்கள் செய்வது இதுதான். நோட்டுத் தாள் வைப்பார்கள். ராகு காலத்தோடு தாள் கிடைப்பது நமக்கு மட்டும்.

அடுத்து, மேல்கூடு. இந்த ரக டிரக்குக்கு உடம்பு பெரிது, சக்கரத்தையும் மூடியிருக்கும். மேட்டில் ஏறிப் பறக்கும்போது கூட்டுக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டு விரித்த குடையாகத் தூக்கிவிடும். மூக்கு வானத்தைப் பார்க்கும். அதனால்தான் அனுபவசாலிகள் கூட்டின் பின்பக்கம் ஓட்டை போட்டுக் காற்றுக்கு வழி விடுகிறார்கள். புது வண்டியில் துளை போட மனசு வராது. போடு. பறக்கும்போது விரலிலும் கவனம் வேண்டும்: அந்தரத்தில் வேகம் கொடுத்தால் மூக்கு எழும்பும், பிரேக் பிடித்தால் தாழும்.

ஷாக் அப்சார்பரில் ஊற்றும் சிலிக்கான் எண்ணெய் சூட்டில் இளகும். சித்திரை வெயிலில் ஓட்டுகிறவன், பெட்டியில் போட்டிருப்பதைவிடக் கெட்டியான எண்ணெயை ஊற்ற வேண்டும். ஓட்டி முடித்ததும் மோட்டார் சூட்டை அளந்து பார். 80 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பினியனில் ஒரு பல் குறைவாகப் போடு. வேகம் கொஞ்சம் குறையும், மோட்டார் பிழைக்கும். டிஃபரன்ஷியலைப் பற்றி ஆளுக்கொரு வேதம் சொல்வார்கள், அதற்குள் நான் போகவில்லை.

கரிசலைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். காய்ந்த கம்மாய்க் கரிசலில் பாளம் வெடித்திருக்கும். விரலகலப் பிளவு போதும், முன்சக்கரம் சிக்கி ஆக்ஸில் முறிந்துவிடும். ஓட்டும் தடத்தை மண்வெட்டியால் கொத்தி, லேசாகத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டுக்கொள். மழை பெய்த மறுநாள் அந்தப் பக்கமே போகாதே. டயரின் முள் இடுக்குகளில் கரிசல் அப்பிக்கொண்டு, சக்கரம் வழவழவென்று மண்ணுருண்டையாகிவிடும். புழுதி பேரிங்குக்குள் போகாமல் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு பிரஷால் தட்டிவிடு, தண்ணீர் பீய்ச்சாதே.

கேள்வி: ஒரே இடத்தில் நாலு பேர் ரிமோட் கார் ஓட்டினால் ஒருவருடையது இன்னொருவருக்குக் கட்டுப்படாதா?
– ஒரு வாசகர், திருத்தங்கல்

பதில்: முன்பு அப்படித்தான் ஆகும். 27 மெகாஹெர்ட்ஸ் காலத்தில், அலைவரிசையைத் தீர்மானிக்க ஆளுக்கொரு கிரிஸ்டல். இரண்டு பேர் ஒரே கிரிஸ்டல் போட்டால் வண்டி யார் பேச்சையும் கேட்காது. இப்போதைய ரிமோட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸில், ஒவ்வொரு ரிசீவரும் தன் ரிமோட்டை மட்டும் அடையாளம் கண்டுகொள்ளும்படி வேலை செய்கின்றன. குறைந்த சக்தியில் இந்த அலைவரிசையைப் பயன்படுத்த லைசென்ஸ் வேண்டாம் என்று இந்திய அரசு 2005-ல் விலக்கு கொடுத்தது.

பல ரிமோட்டுகள் அலைவரிசை விட்டு அலைவரிசை தாவும். நடிகை ஹெடி லமார்தான் இதைத் தனியாளாகக் கண்டுபிடித்தார் என்பார்கள். 1942-ல் அவர் பெற்ற காப்புரிமையில் கூட்டாளி ஒருவர் உண்டு, ஜார்ஜ் ஆன்தைல் என்ற இசையமைப்பாளர். ரேடியோவில் செலுத்தும் டார்பிடோவை எதிரி குழப்பாமல் இருக்க, தானியங்கிப் பியானோவின் ஓட்டைச் சுருளைக் கொண்டு 88 அலைவரிசைகளில் தாவ வைக்கலாம் என்பது அவர்கள் திட்டம். 88, பியானோவின் கட்டைகள்! அலைவரிசை தாவும் யோசனை அவர்களுக்கு முன்பே வேறு பலருக்கும் வந்திருந்தது. பியானோ மட்டும் வேறு யாருக்கும் தோன்றவில்லை. அதற்காகவே அவர்களைக் கொண்டாடுகிறேன்.

கேள்வி: போஸ் மருந்தைக் கொளுத்தினார் என்றால், நாங்களும் ரிமோட் வைத்துப் புஸ்வாணம் பற்றவைக்கலாமா?
– மூன்று பள்ளி மாணவர்கள், விருதுநகர்

பதில்: கூடாது. மின்சாரத்தால் வாணவேடிக்கை கொளுத்துவது பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்களின் தொழில். உங்கள் மாவட்டத்தில் ஒரு சின்ன உராய்வுக்கு எத்தனை வீடுகள் விலை கொடுத்திருக்கின்றன என்று உங்கள் பெரியவர்களுக்குத் தெரியும். செல்போனைக்கூட ஆலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது.

ரிமோட் வண்டி வைத்திருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பிரஷ் மோட்டார் ஓடும்போதெல்லாம் உள்ளே பொறி தெறிக்கும். லித்தியம் பாலிமர் பேட்டரி உப்பினாலோ, குத்துப்பட்டாலோ தீப்பிடிக்கும். ஆள் இல்லாத நேரத்தில் அதைச் சார்ஜில் போடாதீர்கள், வீட்டில் பட்டாசோ மருந்தோ இருந்தால் அந்த வீட்டிலேயே சார்ஜ் போடாதீர்கள். பட்டாசு ஆலை வேலி ஓரத்திலும், குடோன் பக்கத்திலும், மருந்து காயும் களத்தருகிலும் வண்டியை வெளியே எடுக்கவே கூடாது. கம்மாய் எவ்வளவு பெரிது, அங்கே ஓட்டுங்கள்.