சுவரொட்டி போதுமா?

எட்டாம் வகுப்பு படிக்கும் மகனின் பள்ளிக்குப் பக்கத்துக் கடையில் சிகரெட் விற்கிறார்கள். 'புகை பிடிக்காதே' என்று பள்ளியில் சுவரொட்டி ஒட்டினால் போதுமா?
– ஒரு தாய், சூலக்கரை

போதாதும்மா. 2004 முதல் 2006 வரை சென்னை, டெல்லியில் 32 பள்ளிகளை எடுத்து, 'மைத்ரி' என்ற புகையிலைத் தடுப்புத் திட்டத்தைப் பாதிப் பள்ளிகளில் மட்டும் நடத்தினார்கள். ஆறாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் இலக்கு. சக மாணவர்களே முன்நின்று பேசினார்கள். நண்பன் நீட்டும்போது மறுக்கப் பழகினார்கள். வீட்டுக்கும் அஞ்சலட்டை போனது. திட்டம் நடந்த பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் குறைந்தது, மற்ற பள்ளிகளில் கூடியது. வாத்தியார் சொல்வதைவிடக் கூட்டாளி சொல்வதுதானே இந்த வயதில் ஏறும்! அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இப்படியொரு திட்டத்தைக் கேளுங்கள்.

கடைக்கு 2003 சட்டமே இருக்கிறது: பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. தலைமையாசிரியர் கையெழுத்தோடு காவல் நிலையத்தில் மனு கொடுங்கள். சிறுவர்களுக்கு மதுவோ புகையிலையோ கொடுத்தால் ஏழாண்டு வரை சிறை என்பதையும் மனுவில் எழுதுங்கள்.