பலம் மட்டும் போதுமா?



போன வருஷம் கபடிப் போட்டிக்கு மூணு வாரம் இருக்கும்போது ஜிம்முக்குப் போக ஆரம்பிச்சேன். தினமும் போனேன், தினமும் முடிஞ்ச அளவு பளு தூக்கினேன். போட்டி அன்று முதல் ரெய்டிலேயே தொடையின் பின்தசை பிடிச்சுக்கிச்சு. மீதி ஆட்டத்தை ஓரத்தில் உட்கார்ந்துதான் பார்த்தேன். நாலு புள்ளியில் தோத்தோம். யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் அதிகமா வலிச்சது.

பாலம் எவ்வளவு சுமை தாங்கும்னு வகுப்பில் கணக்குப் போடுறேன். என் உடம்புக்கு அந்தக் கணக்கைப் போடவே இல்லை. அதுக்கப்புறம் தேடிப் படிச்சுக் கற்றுக்கொண்டது இது.

1. படிப்படியா ஏத்துங்க

நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் சுமை கொடுத்தால்தான் தசை வளரும். ஆனால் 'கொஞ்சம்' என்பதுதான் முக்கியம். 40 கிலோ ஸ்குவாட்டை 8 தடவை, 3 செட், ஒழுங்கான முறையில் செய்ய முடிந்தால் அடுத்து 42.5 கிலோ, 50 கிலோ இல்லை. முதல் சில வாரத்தில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பு மண்டலம் பழகுவதால் வருவது. தசைநாண்கள் பழக இன்னும் அதிக நாள் ஆகும். 'பலம் வந்துடுச்சு'ன்னு அவசரப்படுகிறவர்களுக்கு அடிபடுவது இதனால்தான்.

2. விளையாட்டுக்கு ஏத்த பலம்

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் சி. குணாளன் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அப்படி முழு வேகத்தில் ஓடும்போது ஒரு கால் தரையில் படுவது ஏறக்குறைய 0.1 விநாடிதான். தசை தன் முழு விசையைக் காட்டவோ 0.3 விநாடிக்கு மேல் தேவைப்படும். அதனால் எவ்வளவு தூக்குறோம் என்பது மட்டும் இல்லை, எவ்வளவு சீக்கிரம் விசையைக் கொடுக்கிறோம் என்பதும் கணக்கு. திறன் = விசை × வேகம். பள்ளியில் படித்த அதே சூத்திரம்தான்!

ஆகவே ஸ்குவாட், டெட்லிஃப்ட் மூலம் விசையைக் கூட்டுங்க. குதித்தல், குறுந்தூர ஓட்டம் மூலம் வேகத்தைக் கூட்டுங்க. பின்தொடைக்கு நோர்டிக் பயிற்சி: முழங்காலிட்டு நில்லுங்க, நண்பர் கணுக்காலைப் பிடிக்கட்டும், உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாயுங்க. இதை நான் முன்பே செய்திருக்கணும்.

3. ஓய்வும் பயிற்சிதான்

பயிற்சியில் தசை களைக்குது, ஓய்வில்தான் வலுவாகுது. ஒரே தசைக்குக் கடுமையான பயிற்சி கொடுத்தால் 48 மணி நேரம் இடைவெளி விடுங்க. தினமும் 8 மணி நேரம் தூங்குங்க. நள்ளிரவு வரை மாமாக் கடையில் உட்கார்ந்துவிட்டுக் காலையில் பளு தூக்கினால் பலன் வராது லா.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் எடுத்தால் நல்லது. சைவம் சாப்பிடுகிறவர்கள் பருப்பு, டோஃபு, தெம்பே, பால், தயிர் எல்லாவற்றையும் சேர்த்துக்குங்க.

4. விட்டால் போய்விடும்

தைப்பூச விரதம், பரீட்சை வரும்போது பலர் முழுசா நிறுத்திடுறோம். அது தேவையில்லை. செட்டுகளைக் குறைத்து, பளுவைக் குறைக்காமல், வாரம் ஒருமுறை செய்தாலே இருக்கிற பலத்தைப் பல வாரம் காப்பாற்றலாம். விரதத்தில் தலைசுற்றல் இருந்தால் மட்டும் அன்றைக்கு ஓய்வெடுங்க.

எப்படித் தொடங்கலாம்?

வாரம் இரண்டு நாள் போதும். முதலில் 10 நிமிடம் உடம்பைச் சூடாக்குங்க. களைப்பில்லாத அந்த நேரத்தில் 3 செட் குதித்தல். பிறகு ஸ்குவாட், டெட்லிஃப்ட், தண்டால், கடைசியில் நோர்டிக். கடினமான செட்டுகளுக்கு நடுவில் 2 முதல் 3 நிமிட ஓய்வு. ஜிம் இல்லையா? தண்டாலும் பஸ்கியும் நம் தாத்தாக்கள் செய்ததுதானே! செய்ததை ஒரு நோட்டில் எழுதி வையுங்க. எழுதாவிட்டால் ஏத்துறோமா இல்லையான்னே தெரியாது.

அனுமனை வணங்குகிறோம். அவருக்குப் பலம் மட்டும் இல்லை, அடக்கமும் உண்டு. அந்த அடக்கம் எனக்கு இருந்திருந்தால் அன்று களத்தில் இருந்திருப்பேன். இந்த வருஷப் போட்டிக்கு மூணு மாசம் முன்னாடியே தொடங்கிட்டேன். நீங்களும் வாங்க, சேர்ந்து செய்வோம்.