'ஆஃப்டர்' வந்தால் காம்ப்ளெக்ஸா?

1918இல் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய பாரதி கடலூரில் சிறைப்பட்டு, விடுதலையானதும் செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு வந்தார். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த செய்தி. ஆங்கில வாக்கிய வகைகளுக்கும் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

'புதுச்சேரியை விட்டு வந்த பாரதி கடையத்தில் தங்கினார்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், பலர் 'லெஃப்ட் பாண்டிச்சேரி பாரதி' என்று தொடங்குவார்கள். 'வந்த' என்ற பெயரெச்சம் தமிழில் பெயருக்கு முன்னால் நிற்கும். ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னால் 'ஹூ' போட்டு முற்றுவினையாக்க வேண்டும்: 'பாரதி, ஹூ லெஃப்ட் பாண்டிச்சேரி, ஸ்டேய்டு இன் கடையம்.'

அடுத்து, 'ஆஃப்டர் லீவிங் பாண்டிச்சேரி', 'ஆஃப்டர் ஹி லெஃப்ட் பாண்டிச்சேரி' இரண்டுக்கும் பின்னால் 'பாரதி ஸ்டேய்டு இன் கடையம்' சேர்த்துக் கரும்பலகையில் எழுதுங்கள். 'ஆஃப்டர்' பகுதியில் எழுவாயையும் முற்றுவினையையும் வட்டமிடச் சொல்லுங்கள். முதலாவதில் வட்டமிட ஒன்றும் கிடைக்காது. அது ஃபிரேஸ், வாக்கியம் சிம்பிள். இரண்டாவதில் 'ஹி', 'லெஃப்ட்' கிடைக்கும். அது கிளாஸ், வாக்கியம் காம்ப்ளெக்ஸ். (கிளாஸ் என்றதும் வகுப்பறையையும் தம்ளரையும் நினைக்கும் பிள்ளைகள் உண்டு. எழுத்துக்கூட்டிக் காட்டிவிடுங்கள்.) இணைப்புச் சொற்களின் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் மதிப்பெண்ணை விடுவது இந்த இடத்தில்தான்.

'பாரதி லெஃப்ட் பாண்டிச்சேரி, ஆண்ட் ஹி ஸ்டேய்டு இன் கடையம்' என்பதில் இரண்டு பகுதிகளும் தனியே நிற்கும், காம்பவுண்ட். இதற்கு இரண்டு நிமிடம் போதும். மீதிப் பாடவேளையை 'வந்த'வுக்குக் கொடுங்கள்.