கறிக்கு உதவும் பன்னமும் உதவாப் பன்னமும்

மாரி தொடங்கியதும் மலைநாட்டு ஓடைக்கரைகளிற் பன்னங்கள் சுருள் சுருளாகக் குருத்து விடுவதைக் கமக்காரர் யாவரும் கண்டிருப்பர். இவற்றுட் சில செலவின்றிக் கிடைக்கும் நல்ல இலைக்கறியாகும். ஆயினும் பன்னம் என்ற பெயருடைய யாவும் கறிக்கு உதவா. மூன்று வகைகளைப் பிரித்தறிதல் அவசியம்.

கறிக்கு உரியது டிப்ளாசியம் எஸ்குலெந்தம் என்னும் பன்னமாகும். பன்னங்களைச் சிங்களத்தில் மீவன என்பர். சந்தைகளிற் கட்டுக்கட்டாக விற்கப்படும் மீவன பெரும்பாலும் இதுவே. ஓடைக்கரை, வாய்க்கால் ஓரம் போன்ற ஈரமான இடங்களில் இது வளரும். இலைகள் ஒரே அடியிலிருந்து கொத்தாக எழும். குருத்து பசுமையாய், ஒருசில கருஞ்செதில்களுடன் மட்டும் காணப்படும்.

இரண்டாவது மரப்பன்னம். பப்புவா நியூகினியின் மலைவாசிகள் சில மரப்பன்னங்களின் இளங்குருத்தை மண்ணடுப்பிற் பன்றியிறைச்சியுடன் வேகவைத்து உண்பர். இதைக் கேள்வியுற்று நம் மரப்பன்னங்களில் எவரும் கத்தி வைத்தல் ஆகாது. மரப்பன்னத்திற்கு உச்சியில் உள்ள வளர்முனை ஒன்றே. அதை வெட்டினால் தென்னையைப் போல மரம் முழுவதும் பட்டுப்போகும். ஒரு வேளைக் கறிக்காகத் தலை வெட்டப்பட்டு நின்ற மரமொன்றை யான் ஓர் ஓடைக்கரையிற் கண்டதுண்டு. அது அவ்வளவு உயரம் வளரப் பல்லாண்டு சென்றிருக்கும். இலங்கையில் மட்டுமே வளரும் மரப்பன்னங்களும் உள என்பதை மறத்தலாகாது.

மூன்றாவதே ஆபத்தானது. பிரேக்கன் எனப்படும் இப்பன்னம் வெயில் படும் பற்றனைகளிலும் கைவிடப்பட்ட நிலங்களிலும் பரவும். இலைகள் கொத்தாக எழாமல், நிலத்தடித் தண்டிலிருந்து தனித்தனியாக மேலே வரும். குருத்து உரோமம் நிறைந்து, மும்முனையாய்ப் பிரிந்து, மடக்கிய பறவைக்காலைப் போலிருக்கும். இதைத் தொடர்ந்து மேயும் மாடுகளின் சிறுநீரில் இரத்தம் காணும். பசுவின் பாலிலும் நஞ்சு இறங்கும். மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என ஐயுறப்படும் பொருள்களின் வரிசையிற் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1987 ஆம் ஆண்டில் இதனைச் சேர்த்தது. எனவே ஐயமுள்ள குருத்தைப் பறியாது விடுக.

கறிப்பன்னத்தையும் பச்சையாக உண்ணலாகாது. பன்னங்களில் தயமின் என்னும் உயிர்ச்சத்தைச் சிதைக்கும் பொருளொன்று உண்டு. அது வெப்பத்தால் அழியும். இலை விரியுமுன், கையால் ஒடித்தால் முறியும் நுனியை மட்டும் பறித்து, செதில்களைத் தேய்த்துக் கழுவுக. கொதிநீரில் நன்கு அவித்து, அந்நீரை வடித்து ஊற்றியபின், வெங்காயமும் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பூவும் இட்டு வறையாக்கலாம். இறக்கியபின் சிறிது தேசிப்புளி விடுதல் சுவையைக் கூட்டும். ஆனால் நாள்தோறும் இதையே சமைத்தல் வேண்டாம். ஏனைய கீரைகளுடன் மாறி மாறி உண்க.

மரக்கறித் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் நீரிற் பூச்சிகொல்லி கலந்திருக்கலாம். அத்தகைய ஓடைகளிற் குருத்துப் பறித்தல் நன்றன்று. இதனினும் மேலானது, வீட்டுக் கிணற்றடியில் நீர் வடியும் நிழலான மூலையில் இதனை நடுதல். தாய்ச்செடியைச் சுற்றி முளைக்கும் பக்கக்கன்றுகளை வேருடன் பெயர்த்து, ஏறக்குறைய இரண்டடி இடைவெளியில், மக்கிய இலையெருவுடன் மாரி தொடக்கத்தில் நடுக. கன்று வேரூன்றிப் பல இலைகள் விரியும்வரை குருத்தை ஒடிக்கலாகாது. பின்னரும் ஒவ்வொரு செடியிலும் சில குருத்துக்களை விரியவிட்டே பறித்தல் வேண்டும்.