விலையும் நன்றியும்

நுழையும்முன்

ஒரு பொருளை வாங்கப் பணம் போதும். அது எவர் உழைப்பால், எந்நிலத்தின் நீரால் உருவாயிற்று என்பதை உணர்வதற்குப் பணம் உதவாது. வாங்குவது எளிதாகிவிட்ட காலத்தில் நன்றியுணர்வு எவ்வாறு நிலைக்கும் என்பதைத் தாம்பரத்தையும் அதன் சுற்றுப்புறங்களையும் சான்றாகக் கொண்டு ஆராய்கிறது இப்பாடம்.

ஆடியின் இரு முகங்கள்

ஆடிப் பதினெட்டாம் நாளில் பெருகிவரும் புதுப்புனலை வணங்குவது தமிழர் மரபு. காவிரிக்கரை மக்கள் ஆற்றங்கரையில் கூடி, மலரிட்டு வழிபட்டு, கலந்த சோற்றைப் பகிர்ந்து உண்பர். ஆடிப்பட்டத்தில் விதைக்கும் உழவர், விளைச்சலைக் காணும் முன்பே நீருக்கு நன்றி செலுத்தும் விழா அது.

நகரங்களில் இன்று ஆடி என்றதும் நினைவுக்கு வருவது தள்ளுபடி. அம்மாதத்தில் திருமணங்கள் நடைபெறாமையால் துணி விற்பனை குறையும். அக்குறையை ஈடுசெய்ய வணிகர் கண்ட வழியே ஆடித் தள்ளுபடி. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் கடைகள் அப்போது நிரம்பி வழிகின்றன. வரவறிந்து செலவிடும் குடும்பத்திற்குத் தள்ளுபடி ஓர் உதவியே. தேவை என்ன என்று எண்ணாமல் மலிவு என்பதற்காகவே வாங்கிக் குவிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. எளிதாக வந்த பொருள் எளிதாக மறக்கப்படுகிறது.

நன்றி ஓர் அறிவு

திருக்குறளின் 11ஆவது அதிகாரம் ‘செய்ந்நன்றியறிதல்’ எனப் பெயர் பெற்றுள்ளது. ‘நன்றி’ என்னும் சொல்லுக்கு நன்மை என்பது பழம்பொருள். ஆகவே பிறர் செய்த நன்மையை அறிந்திருத்தல் என்பதே இத்தொடரின் கருத்தாகும். நன்றியைச் சொல்லுதல் என்னாமல் அறிதல் என்றது எண்ணத்தக்கது. நன்மை செய்தவரை அறியாதபோது, வாய் கூறும் நன்றி வெறும் ஒலியாகிவிடும்.

நுகர்வுப் பண்பாடு இவ்வறிவின் வழியையே அடைக்கிறது. முற்காலத்தில் பானை செய்தவரும் நெல் விளைத்தவரும் ஊரிலேயே இருந்தனர். அவர்தம் முகம் தெரிந்தது. இன்று பொருளுக்கும் அதனை ஆக்கியவருக்கும் இடையே பெருந்தொலைவு உண்டு. விலைச்சீட்டு அத்தொலைவை ஓர் எண்ணாகச் சுருக்கிவிடுகிறது.

விலைச்சீட்டு கூறாதவை

ஒரு பருத்திச் சட்டைக்கு வேண்டிய பருத்தியை விளைவிப்பது முதல் அதனைத் தைத்து முடிப்பது வரை ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என மதிப்பிடப்பட்டுள்ளது. ஆற்றங்கரையில் வணங்கப்படும் நீரே கடையில் சட்டையாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது எனலாம்.

தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிய அனகாபுத்தூர், நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். இங்கு நெய்யப்பட்ட ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்னும் துணி ஒருகாலத்தில் நைஜீரியாவுக்குக் கப்பலேறியது. அவ்வணிகம் நலிந்தபின் இவ்வூர் நெசவாளர் வாழை முதலிய இயற்கை நார்களைக் கொண்டும் நெய்யத் தொடங்கினர். வாழைமட்டையிலிருந்து நாரைப் பிரித்து, உலர்த்தி, இழையாக்கி, முனையோடு முனை முடிந்த பின்னரே அது தறிக்கு வரும். அத்துணியை விரல்களால் தொட்டு விலை கேட்பவர், அவ்விழைகளை முடிந்த விரல்களைக் காண்பதில்லை.

துணியை எடுத்துக்காட்டும் பணியாளரும் அவ்வாறே கண்ணிற்படாதவர். நாள் முழுவதும் நின்றே பணிபுரிந்த அவர்களுக்கு இருக்கை வழங்க வேண்டும் என 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் கொண்டுவரப்பட்டது. எதிரே நிற்பவரின் கால்வலியை அறிவதும் நன்றியின் பகுதியே. அவ்வறிவு உரிமையாக மலரும்போது நன்றி முழுமை பெறுகிறது.

பணம் உதவாத நாள்கள்

2015ஆம் ஆண்டு திசம்பர் முதல் இரண்டாம் நாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராசபுரம் முதலிய பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயின. பணம் எடுக்கும் இயந்திரங்கள் செயலிழந்தன. கையில் பணம் இருந்தவர்க்கும் வாங்கக் கடையில்லை.

அந்நாள்களில் சென்னை மீனவர் குப்பங்களின் படகுகள் லாரிகளில் ஏறி வெள்ளம் சூழ்ந்த தெருக்களுக்கு வந்தன. கடலில் வலைவீசும் கைகள் மாடிகளில் தவித்தவர்களை இறக்கிக் கரைசேர்த்தன. முன்பின் அறியாதோர் சமைத்த உணவு பொட்டலங்களாக வந்தது. இவற்றுக்கு விலைச்சீட்டு இல்லை. விலைகொடுத்துப் பெறும் உதவியால் மட்டுமே வாழ்கிறோம் என்னும் எண்ணம் எத்துணைப் பொய்யானது என்பதை அவ்வெள்ளம் காட்டியது. வெள்ளம் வடிந்தபின் அவ்வறிவும் வடிந்துவிடாமல் காப்பதே நன்றியின் பயிற்சியாகும்.

நிலத்துக்குக் காட்டும் நன்றி

பேசாத நிலமும் நன்மை செய்கிறது. சேலையூர், செம்பாக்கம் முதலிய ஏரிகளின் மிகைநீர் கிழக்கு நோக்கிச் சென்று பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சேரும். மழைநீரைத் தாங்கி, நிலத்தடி நீரைப் பெருக்கி, வலசைவரும் பறவைகளுக்கு உறைவிடமாகும் நிலம் அது. அதன் பெரும்பகுதி கட்டடங்களாயிற்று. ஒரு பகுதி பெருங்குடிக் குப்பைக்கிடங்காகிப் பல்லாண்டுகளாக நகரம் எறிந்தவற்றைச் சுமந்தது. எஞ்சியதில் ஏறத்தாழ 1,248 எக்டர் பரப்பு 2022ஆம் ஆண்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வாங்கியதை மறப்பவர் எறிந்ததையும் மறக்கிறார், நிலம் மறப்பதில்லை.

இதற்கு மாற்றான காட்சியொன்றைப் பல்லாவரத்தின் வெள்ளிக்கிழமைச் சந்தையில் காணலாம். ஒருவர் கைவிட்ட மின்விசிறியும் மிதிவண்டியும் நாற்காலியும் அங்கு மற்றொருவரின் தேவையாகின்றன. பழுதுபார்த்து மீண்டும் பயன்படுத்துவது சிக்கனம் மட்டுமன்று. அப்பொருளில் அடங்கிய உழைப்பையும் நீரையும் வீணாக்காத நன்றியும் ஆகும்.

நாள்தோறும் பழகுதல்

நன்றியைப் பழக்கமாக்கப் பெருஞ்செயல்கள் வேண்டுவதில்லை. வாங்கும் முன், இது தேவையா என்று ஒருமுறை வினவலாம். வாங்கும்போது, தருபவரின் முகம் பார்த்து ஒரு சொல் பேசலாம். வாங்கியபின், கிழிந்ததைத் தைத்தும் பழுதானதைச் சீர்செய்தும் அதன் வாழ்நாளை நீட்டிக்கலாம். இவ்வாறு பழகியவர் அடுத்த ஆடியிலும் கடைக்குச் செல்வர். வேண்டியதை வாங்கித் திரும்புவர். கையிலுள்ள துணியில் ஓர் ஆற்றின் நீரும் ஒரு நெசவாளரின் பகற்பொழுதும் இருப்பதை அவர்கள் அறிவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள ஒரு பொருளைத் தேர்ந்து, அது உங்களை வந்தடைய உழைத்தவர்களைப் பட்டியலிடுக.

2. ‘நன்றியறிதல் நுகர்வைக் குறைக்குமா, நெறிப்படுத்துமா?’ என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.