வாரத்துக்கு இரண்டு மணி நேரம்



உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். மகனுக்கு வயது இருபது. பேச்சும் புத்தியும் சின்னப்பிள்ளை போல. அவன் அம்மா களையெடுக்கப் போனாலும் அவனைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். கல்யாணம், காதுகுத்து என்று எங்கும் போவதில்லை. இராத்திரி படுத்தால் ஒரே கவலை: "எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யாரு பாத்துக்குவா?"

நாம் "ஐயோ பாவம்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அந்தத் தாய்க்கு வேண்டியது பரிதாபம் அல்ல, கைமாற்றி விட ஓர் ஆள்.

தெரிந்துகொள்ளுங்கள்

இதற்கு அறிவுசார் குறைபாடு என்று பெயர். முன்ஜென்மப் பாவம் அல்ல. பேய் பிடித்ததும் அல்ல. தொட்டால் ஒட்டாது. மரபுக் காரணங்களாலும், கர்ப்பத்திலோ பிரசவத்திலோ குழந்தைப் பருவத்திலோ மூளை பாதிக்கப்படுவதாலும் வரலாம். "கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்" என்பது தவறு. ஆனால் பொறுமையாகப் பழக்கினால் பல வேலைகளைக் கற்றுக்கொள்வார்கள்.

கணவனும் மனைவியுமாக நீங்கள் இருவரும் என்ன செய்யலாம்?

1. கேட்டுச் செய்யுங்கள். "அக்கா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணியிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் தம்பியை நாங்க பாத்துக்கறோம். நீங்க சந்தைக்குப் போயிட்டு வாங்க" என்று சொல்லுங்கள். சொன்ன நாளில் தவறாதீர்கள். அவன் திண்ணையில் உட்கார்ந்து வழி பார்த்துக்கொண்டிருப்பான்.

2. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பட்டப்பெயர் வேண்டாம், உங்கள் பிள்ளைகளையும் சொல்ல விடாதீர்கள்.

3. ஒரு சமயத்தில் ஒன்றே கற்றுக்கொடுங்கள். சட்டைக்கு ஆறு பொத்தான் என்றால் ஐந்தை நீங்கள் போடுங்கள். கடைசிப் பொத்தானை அவன் போடட்டும். அது பழகியபின் கடைசி இரண்டை விடுங்கள். போட்டதும் பாராட்டுங்கள். அடித்தால் பயம் வரும், பழக்கம் வராது.

4. சிலருக்கு வலிப்பும் வரும். கையில் சாவியோ இரும்போ கொடுக்காதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-க்குப் போன் செய்யுங்கள்.

5. நாலு பேர் பார்வையில் இருங்கள். தனியே மறைவிடத்துக்கு யார் கூட்டிப் போனாலும் விடாதீர்கள். இவர்களை ஏமாற்றுவது சுலபம். நடந்ததை வாய்விட்டுச் சொல்லவும் தெரியாது.

துணைக்குப் போங்கள்

எழுதப் படிக்கத் தெரிந்தவர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அந்தப் பெற்றோருடன் ஒரு நாள் போய் வரலாம். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பதாகச் சான்று பெற்றவர்களுக்குப் பல சலுகைகள் உண்டு. நிராமயா காப்பீட்டில் சேர்ந்தால் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும்.

அந்தத் தாயின் கவலைக்கும் வழி இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது நிறைந்தவருக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கக் கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு உண்டு. பெற்றோர் இருக்கும்போதே மனுக் கொடுக்கலாம்.

ஆனால் காகிதம் மட்டும் போதாது. அவனைத் தெரிந்த, அவனுக்குப் பழகிய நாலு வீடு ஊரில் இருக்க வேண்டும். முதல் வீடு உங்களுடையதாக இருக்கட்டும். இந்த வெள்ளிக்கிழமையே போய்க் கதவைத் தட்டுங்கள்.