கல்விக்காகக் கடல் கடப்போர் கவனத்திற்கு

மேற்படிப்புக்காக அயல்நாடு செல்வது ஒரு காலத்தில் ஊருக்கு ஒருவர் என்ற அளவிலேயே இருந்தது. இன்றோ நம் பள்ளியில் பயின்ற அக்காமார் சிலராவது ஆண்டுதோறும் விமானம் ஏறுகின்றனர். சிலர் முழுப் படிப்புக்காகவும், சிலர் தம் கல்லூரி அனுப்பும் மூன்று வார ஆய்வுப் பயணத்துக்காகவும் செல்கின்றனர். அனுப்பும் பல்கலைக்கழகமும் ஏற்கும் பல்கலைக்கழகமும் உடல்நலம், பாதுகாப்புப் பற்றிய அறிவுரைத் தாள்களை அவர்களுக்குத் தருகின்றன. பெட்டியின் எடை எத்தனை கிலோ இருக்கலாம் என்பதைப் பத்து முறை படிக்கும் வீடுகளில்கூட இந்தத் தாள் பிரிக்கப்படாமலே கிடக்கும். அதிலுள்ள விதிகள் ஏன் வந்தன என்று தெரிந்தால் படிக்கும் விருப்பம் தானே வரும் என்று எண்ணி, அவற்றுள் சிலவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம்.

முதலில் மஞ்சள் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். இதை மஞ்சள் காமாலை என்று எண்ணிவிடக் கூடாது. காமாலை பல நோய்களில் தோன்றும் ஓர் அறிகுறி. மஞ்சள் காய்ச்சலோ ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வெப்பப் பகுதிகளில் காணப்படும் ஒரு வைரஸ் நோய். இதைப் பரப்புவது கொசுவே என்று 1881இல் ஹவானா நகரத்து மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே கூறினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் சொல் எடுபடவில்லை. 1900இல் வால்டர் ரீட் தலைமையில் கியூபாவுக்குச் சென்ற அமெரிக்க இராணுவ மருத்துவர் குழு அதைச் சோதித்து மெய்ப்பித்தது. அக்குழுவில் இருந்த ஜெஸ்ஸி லேசியர் என்ற மருத்துவர் அவ்வாண்டு செப்டம்பரில் அதே நோய்க்கு இரையானார். அவருக்கு வயது 34. நோயைத் தடுக்கும் ஊசி மருந்தை 1937இல் மாக்ஸ் தைலர் உருவாக்கினார். அதற்காக 1951இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கென்யா, கானா, பிரேசில் போன்ற நாடுகளுக்குக் கல்லூரிக் குழுவுடன் செல்லும் மாணவிக்கு இந்த ஊசி வேண்டும். ஊசி போட்ட நாளிலிருந்து பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். இதை அலுவலக வழக்கம் என்று நினைப்போர் உண்டு. உண்மையில் நோயை எதிர்க்கும் ஆற்றல் உடலில் போதிய அளவு உருவாக அத்தனை நாள் பிடிக்கிறது. ஆகவே பயணத்துக்கு நான்கு நாள் முன்பு ஊசி போட்டுக்கொண்டவர் கையில் சான்றிதழ் இருந்தும் பயனில்லை.

இந்தியா இதில் மிகவும் கண்டிப்பானது. அந்நோய் உள்ள நாட்டிலிருந்து புறப்பட்டு ஆறு நாட்களுக்குள் செல்லுபடியாகும் சான்றிதழின்றி வந்து இறங்குவோரை ஆறு நாள் வரை தனிமையில் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. கொசு கடித்தபின் நோய் வெளிப்பட மூன்று முதல் ஆறு நாள் ஆகும் என்பதே அந்தக் கணக்கு. இத்தனை கண்டிப்பு ஏன்? நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் பூந்தொட்டித் தட்டிலும் முட்டையிட்டு டெங்குவைப் பரப்புகிற ஈடிஸ் கொசுதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்புகிறது. கொசு இங்கே ஏராளமாக இருக்கிறது, வைரஸ் மட்டும் இல்லை. அது ஒரு பயணியின் இரத்தத்தில் வந்து சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அரசு அங்கீகரித்த நிலையங்களில் போட்டால்தான் இந்த ஊசி கணக்கில் சேரும். சென்னையில் 1899இல் தொடங்கிய கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அவற்றுள் ஒன்று. எல்லா நாளும் போடமாட்டார்கள் ஆதலால் ஒரு மாதம் முன்னதாகவே விசாரிப்பது நல்லது. இது உயிருள்ள, ஆனால் வலுக்குறைந்த வைரஸால் ஆன மருந்து. கோழி முட்டையில் வளர்க்கப்படுவது. முட்டை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். முன்பெல்லாம் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016 ஜூலை 11 முதல் இச்சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். பிறப்புச் சான்றிதழ் இருக்கும் உறையிலேயே இதையும் வைத்துவிடலாம்.

அமெரிக்கா செல்வோருக்கு வேறு வகைத் தொல்லை. அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்து இரண்டு ஊசி போட்டதற்குச் சான்று கேட்கும். இரண்டுக்கும் இடையே குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். நம் அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்குப் போடும் ஊசியில் தட்டம்மையும் ரூபெல்லாவும் உண்டு, புட்டாளம்மை இல்லை. அதனால் ஒழுங்காக ஊசி போட்டு வளர்ந்த பெண்ணும் மீண்டும் போட்டுக்கொள்ள நேரும். குழந்தைப் பருவத்து ஊசி அட்டையைப் பழைய தாள்காரரிடம் போட்டுவிட்ட தாய்மார் அதன் அருமையை அப்போது உணர்வார்கள்.

காசநோய்ச் சோதனையும் உண்டு. நம்மில் பெரும்பாலோர்க்குப் பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி போடப்பட்டிருக்கிறது, இடது தோளில் உள்ள தழும்பே சாட்சி. முன்கையில் குத்தி இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்க்கும் தோல் சோதனை, இந்த பி.சி.ஜி. காரணமாகவே சிலருக்குத் தடித்துவிடும். உடனே காசநோய் வந்துவிட்டதாக அழ வேண்டாம். பி.சி.ஜி.யால் குழம்பாத இரத்தச் சோதனை ஒன்று உண்டு. அதைச் செய்யுமாறு கேட்கலாம். அதிலும் கிருமி இருப்பதாகத் தெரிந்தால்கூட, அது உறங்கும் நிலையிலா நோயாகவா என்பதை மார்பு எக்ஸ்ரேயும் மருத்துவரும்தான் முடிவு செய்வார்கள்.

நாய்க்கடி பற்றி நம் மாணவியருக்கு ஓரளவு தெரியும். குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907 முதல் நம் பக்கத்தில் இருக்கிறது. கடித்த இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியும். அந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான உறை இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்துவிடும். மஞ்சளும் சுண்ணாம்பும் அதைச் செய்யா. கழுவிய கையோடு ஊசிக்குப் போக வேண்டும், ஏனெனில் நோய் வெளிப்பட்டபின் பிழைப்பது அரிது. ஆனால் நாம் அறியாத செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் வீட்டு நாய்களுக்குத் தடுப்பூசி போடப்படுவதால் மனிதருக்கு இந்நோய் பெரும்பாலும் வௌவாலிடமிருந்தே வருகிறது. அதன் பல் தைத்த தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். தூங்கி விழிக்கும்போது அறையில் வௌவால் ஒன்று இருந்தால், கடித்த நினைவு இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் ஊரில் மாமரத்து வௌவாலைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு இது தோன்றாது.

மருந்துப் பெட்டியைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். நாம் பாராசிட்டமால் என்று சொல்லும் காய்ச்சல் மாத்திரைக்கு அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்று பெயர். ஊரிலிருந்து கொண்டுபோனதை ஒரு பக்கமும், கடையில் வாங்கியதை மறுபக்கமும் இரண்டு வேறு மருந்து என்று எண்ணி விழுங்கினால் அளவு இரட்டித்து ஈரல் கெடும். சளி மருந்துகள் பலவற்றிலும் அதே பொருள் கலந்திருக்கும். கோடீன் கலந்த இருமல் மருந்தும் டிரமடால் என்ற வலி மாத்திரையும் ஐக்கிய அரபு நாட்டில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. முன் அனுமதியின்றிக் கொண்டுபோனால் சுங்கச் சோதனையில் சிக்கல். ஜப்பானும் சில சளி மருந்துகளில் உள்ள பொருள்களுக்கு அளவு வைத்திருக்கிறது. மாத்திரைகளை உறையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாமல், மருத்துவர் சீட்டோடு கொண்டுசெல்வதே முறை.

அன்புப் பெற்றோரே, இனி எழுதப்போவது பெரும்பாலும் உங்களுக்காக. பல்கலைக்கழகம் தரும் மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, மனநலத்துக்கு மருந்து உட்கொண்டதுண்டா என்ற கேள்விகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதச் சொல்லும் வீடுகளை நாம் அறிவோம். ஊர் அறிந்தால் நாளைக்குப் பெண்ணின் திருமணம் என்னாவது என்பதே அச்சம். அந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் அந்தப் படிவம் ஊருக்குப் போவதில்லை. பல்கலைக்கழக மருத்துவரிடம் போகிறது. மறைத்ததால் வரும் கேடு பெரிது. ஒன்று, முன்பே இருந்த நோயைச் சொல்லாமல் எடுத்த காப்பீடு வேண்டும்போது கைவிட்டுவிடலாம். மற்றொன்று, விடுதி அறையில் இரவில் வலிப்பு வந்தால் அறைத் தோழிக்கு என்ன செய்வதென்று தெரியாது.

அந்தத் தோழி நம் நாட்டவளாக இருந்தால் சாவிக்கொத்தைத் தேடிக் கையில் திணிப்பாள். வலிப்பை இரும்பு நிறுத்துவதில்லை. அது தானே நிற்கும் வலிப்பு. செய்ய வேண்டியது எளிது. பக்கத்திலுள்ள கூரிய பொருள்களை விலக்கி, தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கை கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் கரண்டியோ துணியோ நீரோ வைக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இந்த நான்கைந்து வரியைத் தோழியிடம் சொல்லிவைக்க எந்தப் பெண்ணும் வெட்கப்பட வேண்டியதில்லை. மனச்சோர்வுக்கும் இது பொருந்தும். குளிர்நாட்டில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் மாதங்களில் தனியறையில் அழும் மாணவியர் உண்டு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஆலோசகர் இருக்கிறார். தினமும் தொலைபேசியில் “சாப்பிட்டாயா?” என்று கேட்கும் அம்மா, “தூங்கினாயா? யாரோடு பேசினாய்?” என்றும் கேட்கலாம்.

குளிரைப் பற்றிச் சொன்னோம். அறையைச் சூடாக்கக் கரியடுப்பையோ எரிவாயு அடுப்பையோ மூடிய அறையில் வைப்பது கொடிய ஆபத்து. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலியும் மயக்கமுமாகத் தொடங்கித் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். சுவரில் பொருத்தியிருக்கும் எச்சரிக்கைக் கருவி கத்தினால், அதை அணைக்க நாற்காலி தேடாமல் வெளியே ஓட வேண்டும்.

நீரும் அங்கே வேறு. 2024 ஜூனில் ரஷ்யாவின் வெலிக்கி நோவ்கோரோத் நகரில் வோல்கோவ் ஆற்றில் இந்திய மருத்துவ மாணவர் நால்வர் மூழ்கி இறந்தனர்.  ஒருவர் தடுமாற, மற்றவர் காப்பாற்ற இறங்கினர். நம் கிணற்று நீரிலும் தாமிரபரணியிலும் நீந்தியவர்க்குக் குளிர்ந்த ஆற்றின் இயல்பு தெரியாது. குளிர்நீரில் திடீரென விழுந்தால் நெஞ்சு தானாகவே பெருமூச்சு இழுக்கும். முகம் நீருக்குள் இருந்தால் அந்த மூச்சில் நீரே உள்ளே போகும். முதல் நிமிடம் நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்தால் மூச்சு அடங்கும். காப்பாற்ற விரும்புவோர் இறங்காமல், கயிறோ கம்போ துப்பட்டாவோ நீட்ட வேண்டும். சாலையைக் கடக்கும்போது பல நாடுகளில் வண்டிகள் நம் ஊருக்கு எதிர்ப்பக்கமிருந்து வரும் என்பதை மட்டும் இங்கே நினைவூட்டி மேலே செல்கிறோம்.

சென்று சேர்ந்தவுடன் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யும்படி எல்லாத் தாள்களிலும் இருக்கும். உக்ரைனில் படித்த நம் மாணவர்களைப் பதிவு செய்யுமாறு கீவ் நகரத்துத் தூதரகம் 2022 ஜனவரியிலேயே கேட்டுக்கொண்டது. பிப்ரவரி 15இல், கட்டாயத் தேவை இல்லாதவர் தற்காலிகமாக வெளியேறுமாறு சொன்னது. வகுப்பு வருகைப் பதிவு போய்விடுமே என்று தங்கியவர் ஏராளம். பிப்ரவரி 24இல் போர் தொடங்கி வான்வழி மூடப்பட்டது. அதன்பின் நிலத்தடி அறைகளிலும் எல்லைச் சாவடிகளிலும் காத்திருந்து திரும்பியவர்களில் தமிழகத்தார் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். கார்கிவில் உணவு வாங்கச் சென்ற கர்நாடக மாணவர் ஒருவர் மார்ச் 1இல் குண்டுவீச்சில் இறந்தார். எங்கே யார் இருக்கிறார் என்ற பட்டியல் இல்லாமல் எந்தத் தூதரகமும் எவரையும் தேட முடியாது.

இதற்கு மாறான ஒன்றையும் சொல்லலாம். 2020 ஜனவரியில் சீனாவின் வூஹான் நகரிலிருந்து விடுமுறைக்குக் கேரளம் திரும்பிய மருத்துவ மாணவி ஒருவர், தாம் எங்கிருந்து வந்தோம் என்பதைச் சுகாதாரத் துறையினரிடம் தெரிவித்திருந்தார். தொண்டை வலி தோன்றியதும் தாமே அவர்களை அழைத்துச் சொன்னார். திருச்சூர் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஜனவரி 30இல் உறுதியான இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி அவரே. நலமடைந்து வீடு திரும்பினார்.

அவசர உதவிக்கு அழைக்கும் எண் அமெரிக்காவில் 911, பிரிட்டனில் 999, ஐரோப்பிய நாடுகளில் 112, ஆஸ்திரேலியாவில் 000. ஜப்பானில் ஆம்புலன்ஸுக்கு 119, போலீசுக்கு 110. இவற்றுடன் காப்பீட்டு நிறுவன எண், தூதரக எண், இரத்த வகை, ஒவ்வாத மருந்து, வீட்டு எண் ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுத வேண்டும். கைபேசியில் இருக்கிறதே என்பார்கள். கைபேசி அணைந்துவிட்டால் அம்மாவின் எண்ணை மனப்பாடமாகச் சொல்லுங்கள் என்று வகுப்பில் கேட்டபோது பலர் விழித்தனர். தாளைப் பாஸ்போர்ட் நகலோடு சேர்த்து மடித்து, பாஸ்போர்ட் இருக்கும் பையில் வைக்காமல் வேறொரு பையில் வைக்க வேண்டும். இன்னொரு படியை வீட்டில் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும்.